பாலத்தடியில் மாறிய சுமை

ராஸ்,
ஜனவரி 19, 2014

டூகலுக்கு,

க்ளாரி எழுதுவது. ஆமாம், நானேதான். என் பெண்டாட்டி நொயலீனிடம் சொல்லி எழுதவைத்தது அல்ல. ஹொகிடிகா நூலகத்துக்குப் பதினோரு மாதமாகச் செவ்வாய்தோறும் போய், எழுபத்து நாலு வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். முதல் கடிதம் உனக்குத்தான், அது திடீரென்று வந்து விழவேண்டும், நீ நாற்காலியிலிருந்து துள்ளவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது வேறு மாதிரிக் கடிதமாக இருந்திருக்கும். இது அந்தக் கடிதம் இல்லை.

நாங்கள் நலம். உன் நலத்தை விசாரிக்கப்போவதில்லை.

போன வியாழக்கிழமை பாட்டர் ஓடைக் குடிலுக்குப் போனேன். தனியாக. ஒரு சின்னப் பை, இரண்டு சாண்ட்விச், ஃபிளாஸ்கில் தேநீர். மானைத் தேடிப் போகவில்லை. அங்கே மேசைமேல் கிடக்கிற வருகைப் புத்தகத்தைப் படிக்கப் போனேன். வேட்டைக்கும் நடைக்கும் அங்கே தங்க வருகிறவன் எல்லாம் அதில் பேரும் தேதியும், எந்தப் பக்கம் போகிறான் என்பதும் எழுதுவான். பிறகு முன்னால் வந்தவன் எழுதியதைப் படித்துச் சிரிப்பான். அப்போதெல்லாம் நான் அடுப்புக்கு விறகு வைத்துக்கொண்டிருப்பேன். நம் இரண்டு பேர் பேரையும் நீதான் எழுதுவாய். "என்னடா எழுதினே?" என்றால், "மழை, மணல் ஈ, உன் குறட்டை. வேற என்ன இருக்கு எழுத?" என்பாய்.

மழை இருந்தது. மணல் ஈ இருந்தது. என் குறட்டையும் இருந்தது. அதோடு இதுவும் இருந்தது. பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன், ஒரு சொல்லும் மாற்றவில்லை.

"ஏப்ரல் 2000. டூ. ரென்னி, க்ளா. பாஸ்கோ. மேல்வெளிக்குப் போகிறோம். க்ளாரியின் பையில் இருப்பது இரண்டு தூங்கும் பை, இரண்டு விரிப்பு, ஒரு தலையணை. மொத்தம் எட்டு கிலோ. அது அவனுக்குத் தெரியாது. முதுகில் அறுவைச் சிகிச்சை ஆனவன். தயவுசெய்து யாரும் அவன் பையைத் தூக்கிப் பார்க்காதீர்கள்."

"ஏப்ரல் 2004. வழக்கம்போல் பாலத்தடியில் மாற்றிவிட்டேன். வழியில் அவனைச் சந்தித்தால், பெரிய சுமையாக இருக்கிறதே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். அன்றைக்கு முழுக்க நன்றாக நடப்பான்."

அதற்குக் கீழே வேறு வேறு கையெழுத்து. "சொல்லிவிட்டோம்." "நாங்களும் சொன்னோம், பெருசுக்கு ஒரே சந்தோஷம்." ஒருவன் படமே வரைந்திருக்கிறான். ஒரு கிழவன், அவன் முதுகில் ஒரு மேகம்.

அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேக்கா பறவை ஒன்று உள்ளே வந்து என் இரண்டாவது சாண்ட்விச்சை இழுத்துக்கொண்டு போனதைக்கூடத் தடுக்கவில்லை.

பன்னிரண்டு ஏப்ரல், பன்னிரண்டு வேட்டை, டூகல். உன் கொட்டகை உத்தரத்தில் மீன் தராசைத் தொங்கவிட்டு, இரண்டு பையையும் மாட்டி, "பத்தொம்பது, பத்தொம்பது. சமம்டா" என்று சத்தமாகச் சொல்வாயே, அது எதற்கு? பிறகு தொங்குபாலத்துக்குக் கீழே போனதும், "என்னடா இது, வான்கோழி வயித்துல திணிக்கிற மாதிரி திணிச்சு வச்சிருக்கே. கொண்டா இங்க" என்று என் பையைப் பிரிப்பாய். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க என்னை அனுப்புவாய். நீ ஒழுங்காக அடுக்கித் தருகிறாய் என்று நினைத்தேன். திரும்பி வந்து நன்றிகூடச் சொல்லியிருக்கிறேன்.

நூலகத்து அகராதியில் "துரோகி" என்ற சொல்லைத் தேடிக் கண்டுபிடித்தேன். நல்ல சொல். உனக்காக வைத்திருக்கிறேன்.

ஃபோன் செய்யாதே. ஃபோனில் நீ என்னைப் பேசவிட மாட்டாய், ஐம்பது வருஷமாக விட்டதில்லை. காகிதத்தில் எழுது. காகிதத்தில் யாராலும் குறுக்கே பேச முடியாது. இந்தப் படிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

க்ளாரி பாஸ்கோ


திமாரு,
ஜனவரி 26, 2014

அன்புள்ள க்ளாரி,

உன் கடிதத்தைப் பிரித்ததும் நான் போட்ட சத்தத்தில் ஃபியோனா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். "யாருப்பா செத்துட்டாங்க?" என்றாள். "யாரும் சாகலை. க்ளாரி லெட்டர் போட்டிருக்கான்." என் மகளும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நீ வேண்டாம் என்றாலும் வாழ்த்தைச் சொல்லிவிடுகிறேன். உன் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. மூன்று பக்கத்துக்கு என்னைத் திட்ட முடிகிற அளவுக்குக் கற்றுக்கொடுத்த அந்த டீச்சருக்கும் வாழ்த்து.

மீதியைச் சொல்கிறேன். மறைக்க இனி எதுவும் இல்லை.

அறுவை முடிந்து நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பத்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? அவரைப் பார்க்கவே இல்லை. என் பக்கம் திரும்பி, "பாதிச் சுமை தூக்காதவனுக்குக் காட்டுல வேலையில்லை. நான் இனி வரலை. நீ வேற ஆளைப் பாத்துக்கோ" என்றாய். உன்னை எனக்குத் தெரியும். வரலை என்றால் வரமாட்டாய். வேறு ஆளைப் பார்க்க எனக்கு மனசில்லை.

அதனால் பஞ்சு மாதிரி இருப்பதெல்லாம் உன் பைக்குப் போயிற்று. இரும்பு மாதிரி இருப்பதெல்லாம் என் பைக்கு வந்தது. அடுப்பு, எரிவாயு, டின் இறைச்சி, கூடாரம், கயிறு. உன் பை பார்ப்பதற்குப் பெரியது, என்னுடையது சிறியது. பார்ப்பதோடு நீ நிறுத்திக்கொண்டாய், அது என் அதிர்ஷ்டம்.

புத்தகத்தில் ஏன் எழுதினேன் என்று கேட்பாய். முதல் வருஷம் நீ ஓடையில் கால் கழுவப் போயிருந்தாய். கிரேமவுத்துக்காரன் ஒருவன், படுக்கும் பலகையில் இடம் வேண்டுமென்று உன் பையை நகர்த்தப் போனான். கனக்கும் என்று நினைத்து இரண்டு கையாலும் பிடித்து ஓங்கி இழுத்தான். பையோடு பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டான். "என்னய்யா இது, உள்ள கோழி இறகா?" என்று சிரிக்க ஆரம்பித்தான். நான் அவன் வாயைப் பொத்தினேன். நிஜமாகவே கையால் பொத்தினேன். நீ வாசலுக்கு வந்துவிட்டாய். வருகிறவன் வாயை எல்லாம் என்னால் பொத்திக்கொண்டிருக்க முடியாது. அதனால் எழுதிவைத்தேன். நீ படிக்கமாட்டாய் என்ற தைரியத்தில் எழுதினேன். அது மட்டும் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

மற்றதை மறுபடி செய்யச் சொன்னாலும் செய்வேன்.

நொயலீனுக்கு என் அன்பு.

உன்
டூகல்


ராஸ்,
பிப்ரவரி 4, 2014

டூகலுக்கு,

நொயலீனுக்கு அன்பாம். அவளும் உன் ஆள்தான் என்று இப்போது தெரிகிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுக்களைக்குப் போனேன். ஸ்கோன் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "என் பை சமாச்சாரம் உனக்குத் தெரியுமா?" என்றேன். மாவிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "க்ளாரி, அந்தப் பையைத் துவைக்கிறது யாரு? பன்னெண்டு வருஷமா வேட்டைக்குப் போயிட்டு வர்றே. அதுல ஒரு சொட்டு ரத்தக் கறை நான் பார்த்ததில்லை" என்றாள்.

"இடமில்லைன்னு டூகல் சொல்வான்" என்றேன்.

"இருக்காதே. உள்ளதான் தலையணை இருக்கே" என்றாள்.

நான்கு நாளாக அவளோடு பேசவில்லை. ஸ்கோன் மட்டும் சாப்பிடுகிறேன்.

உனக்குச் சுமையைப் பற்றி மட்டும்தான் நினைப்பு. நான் தூக்கியது அது மட்டும் இல்லை, டூகல். ராஸ் பாரில் நின்று, "டூகல் வேட்டைக்கு வர்றதைப் பாக்கணும், மார்க்கெட்டுக்குப் போற பொம்பளை மாதிரி ஒரு குட்டிப் பை" என்று வருஷா வருஷம் சொல்வேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். அவர்கள் சிரித்தது உன்னைப் பார்த்து இல்லை என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

குடிலுக்கும் மேலே, மேல்வெளியில் கூடாரத்துக்குள் நான் தலையணையில் தலைவைத்துப் படுப்பேன். நீ ஈரச் சட்டையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொள்வாய். "சொகுசு வேணும்னா தூக்கணும்டா. நான் தூக்குறேன், அனுபவிக்கிறேன்" என்று உன்னிடமே சொன்னேன். ஒரு முறை இல்லை. நீ அந்த இருட்டில் "சரிதான்டா" என்றாய். அந்த "சரிதான்டா"வை நினைத்தால் எனக்குக் காது எரிகிறது. அப்போதாவது பையை என் மூஞ்சியில் எறிந்திருக்கக் கூடாதா? அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

வழியில் எதிரே வந்தவர்கள் "பெருசு, சரியான சுமைதான்" என்று சொன்னதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. எந்த வருஷம், எந்தத் திருப்பம், எந்த நிறத் தொப்பி என்றுகூடச் சொல்வேன். வீட்டுக்கு வந்து நொயலீனிடம் சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் என்னுடையது என்று நினைத்தேன். எல்லாம் நீ சொல்லிக்கொடுத்து அவர்கள் ஒப்பித்தது.

இப்போது கேள். ஏப்ரல் முதல் வாரம், மான் கத்துகிற நேரம். என் கண் முன்னால் எடை போடுவோம். பத்தொன்பது, பத்தொன்பது. பாலத்தடியில் என் பை முதுகைவிட்டு இறங்காது. பழையபடி மேல்வெளிவரை போவோம். இரண்டு வருஷமாக நீ திமாருவில் உட்கார்ந்து மகளுக்கு உதவியது போதும்.

வருகிறாயா இல்லையா, ஒரே வார்த்தை. வராவிட்டால் தனியாகப் போவேன். முழுச் சுமையும் நானே.

க்ளாரி


திமாரு,
பிப்ரவரி 12, 2014

க்ளாரி,

ஒரே வார்த்தை கேட்டாய். வரமாட்டேன்.

காரணம் கேட்காதே. தனியாகவும் போகாதே. கோபத்தைக் காட்ட என்னிடம் காட்டு, முதுகெலும்பிடம் காட்டாதே. அந்த மேல்வெளியைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் ஹெலிகாப்டரில் போய் இறங்கு. கட்டிலையே கொண்டுபோகலாம்.

டூகல்


ராஸ்,
மார்ச் 16, 2014

டூகலுக்கு,

ஹெலிகாப்டரா? நாற்காலி, ஐஸ்பெட்டி, பியர் எல்லாவற்றோடும் வந்து இறங்கி, நாம் மூன்று நாளாகப் பின்தொடர்ந்த மானை அந்த இரைச்சலிலேயே ஓட்டிவிட்டார்களே, அவர்களைப் பார்த்துத் துப்பியவன் நீ. எனக்கு அதைச் சொல்கிறாய்.

ஏப்ரல்வரை காத்திருக்க என் கோபத்துக்குப் பொறுமை இல்லை. புதன்கிழமையே போனேன்.

தராசு நீ கொண்டுபோய்விட்டாய். மளிகைக் கடை உருளைக்கிழங்குத் தராசில் போட்டேன். துப்பாக்கி, கூடாரம், அடுப்பு, எரிவாயு, கயிறு, நாலு நாள் சாப்பாடு, படுக்கை. இருபத்திரண்டு கிலோ. தலையணையை எடுத்து வெளியே போட்டேன். இருபத்தொன்று அறுநூறு. நொயலீன் வாசலில் நின்று, "எத்தனை மணிக்கு ஆள் அனுப்பணும்?" என்று மட்டும் கேட்டாள்.

பாலத்தைத் தாண்டினேன். முதல் புல்வெளியையும் தாண்டினேன். இதோ பார் டூகல், இதோ பார் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தேன். இரண்டாவது தடவை ஆற்றில் இறங்கி ஏறும்போது இடுப்பிலிருந்து இடது குதிகால்வரை ஒரு சொடுக்கு. கரையில் ஒரு பாறைமேல் பையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தேன்.

அப்போது மேலேயிருந்து இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். கிறைஸ்ட்சர்ச்சுக்காரர்கள், நாற்பது வயது இருக்கும். முன்னால் வந்தவன் என்னைப் பார்த்துச் சிரித்து, "பெருசு, சரியான சுமையா இருக்கே!" என்றான்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "புத்தகத்துல படிச்சியா?" என்றேன்.

"எந்தப் புத்தகம்?"

"நடிக்காதே. தூக்கிப் பாரு."

"எதுக்குங்க?"

"தூக்குடா!"

பயந்துபோய் வாரைக் கழற்றித் தூக்கினான். தூக்கியவன் முழங்கால் மடங்கிற்று. "அம்மாடி! வீட்டைக் கழட்டி உள்ள வச்சிருக்கீங்களா? இது எவ்வளவு?"

"இருபத்தொண்ணு அறுநூறு" என்றேன்.

இரண்டாமவனும் தூக்கிப் பார்த்தான். தலையை ஆட்டினான். அந்த ஒரு நிமிஷம் எனக்கு வேண்டியிருந்தது, டூகல். அது யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை. அவர்கள் எனக்குத் துணையாக இறங்கி வருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று விரட்டினேன்.

அவர்கள் மறைந்ததும் எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. மூன்று முறை பார்த்தேன். நாலாம் முறை பாறையிலிருந்து சரிந்து, மல்லாந்த வண்டு மாதிரி பைமேல் கிடந்தேன். வாரிலிருந்து கையை உருவி, புரண்டு, நாலு காலில் தவழ்ந்து எழுந்தேன்.

கூடாரம், டின்கள், எரிவாயு, அடுப்பு, கயிறு எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டேன். மீதியை முதுகில் போட்டேன். போட்டதும் என் முதுகுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் பழகிய கனம் அது. தராசு தேவைப்படவில்லை. அந்தக் கனத்தோடு மேலே போகவில்லை, கீழே வந்தேன். ஒன்றரை மணி நேர வழிக்கு ஐந்து மணி நேரம் ஆயிற்று. நொயலீன் சாலை முடியும் இடத்தில் காரை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் எனக்குக் கோபம்.

ஆகையால் நீ சொன்னது சரி, என்னால் தூக்க முடியாது. எழுதிவிட்டேன், வைத்துக்கொள். ஆனால் அது எனக்கு இரண்டாயிரமாவது வருஷமே தெரிந்திருக்க வேண்டும். அறுபது வயதில் தெரிந்திருந்தால் பழகிக்கொண்டிருப்பேன். எழுபத்து நாலில் ஆற்றங்கரையில் மல்லாந்து கிடந்து தெரிந்துகொண்டேன்.

நான் ஒளிக்காமல் எழுதிவிட்டேன். இனி உன் முறை. நீ ஏன் வரமாட்டேன் என்றாய்?

க்ளாரி


திமாரு,
மார்ச் 23, 2014

அன்புள்ள க்ளாரி,

முழங்கால்.

வலது முட்டியை 2012 ஜூலையில் எடுத்துவிட்டு வேறு வைத்தார்கள். இடது முட்டிக்கு வரிசையில் நிற்கிறேன். ஃபியோனாவுக்கு உதவி செய்ய இங்கே வந்தேன் என்று சொன்னது பொய். அவள்தான் எனக்குச் சாக்ஸ் மாட்டிவிடுகிறாள். மேடு ஏறுவதற்கு இரண்டு கையிலும் கோல் வேண்டும். முதுகில் எட்டு கிலோவுக்கு மேல் வைத்தால் இத்தனை செலவும் வீண் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "என்ன வேலை செஞ்சீங்க? சுமை தூக்குற வேலையா?" என்று கேட்டார். "ஏப்ரல்ல மட்டும்" என்றேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், அப்போது நீ அதை வயசுக் கோளாறு என்று விட்டிருப்பாய். ஆனால் என்றைக்காவது பை விஷயம் தெரிந்தால் கணக்குப் போடுவாய். போகும்போது முப்பது கிலோ, வரும்போது இறைச்சியும் சேர்ந்து ஐம்பது, பன்னிரண்டு முறை. போடாதே. என் அப்பாவுக்கும் முட்டி போனது, அவர் வாழ்நாளில் தபால் பையைத் தவிர எதையும் தூக்கவில்லை.

நீ மல்லாந்து கிடந்ததைப் படித்தபோது ஒன்று தோன்றிற்று. உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். "பாதி தூக்காட்டாலும் வாடா" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால் மாட்டேன் என்பாய் என்று பயம். அந்தப் பயம் உனக்காக இல்லை, க்ளாரி. ஏதோ இரக்கப்பட்டுச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டு திட்டுகிறாய். நான் தனியாகப் போகப் பயந்தவன். அந்த மேல்வெளியில் நாலு நாள் பேச ஆளில்லாமல் என்னால் இருக்க முடியாது. அதற்கு முப்பது கிலோ அதிகமில்லை என்று நினைத்தேன்.

இனி நாம் போகப்போவதில்லை. அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

டூகல்


ராஸ்,
மார்ச் 29, 2014

டூகல்,

உன் கடிதம் வந்த அன்று இரண்டு முறை எழுத உட்கார்ந்தேன். பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. நொயலீன் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, "பென்சில்ல எழுது" என்றாள். பென்சிலில் எழுதுகிறேன்.

சுமையை ஒளித்தாய். அதனால் போன முட்டியையும் ஒளித்தாய். அப்பாவுக்கும் போனது என்று ஒரு கதை சொல்கிறாய். உன் அப்பாவை எனக்குத் தெரியாதா? கூரையிலிருந்து விழுந்து போன முட்டி அது. கேள்: சுமையில் பாதி என்னுடையது என்றால் முட்டியிலும் பாதி என்னுடையது. அதை நீயே முழுசாக வைத்துக்கொள்ள உனக்கு உரிமை இல்லை. ஒரு முட்டியைத் தா. வலதை நீ வைத்துக்கொள், இடது என் கணக்கு. அதற்காக நான் வருத்தப்படுவேன், நீ தடுக்கக் கூடாது.

"இனி நாம் போகப்போவதில்லை" என்று யாரைக் கேட்டு எழுதினாய்? மறுபடியும் நீயே முடிவு செய்கிறாய். என் பையைப் பிரித்த அதே கை.

நான் உட்கார்ந்து யோசித்தேன். உனக்கு எட்டு, எனக்கு எட்டு. பதினாறு கிலோ இருக்கிறது நம்மிடம். பதினாறு கிலோவில் என்ன போகும், என்ன போகாது என்று நொயலீனின் அடுக்களைத் தராசை எடுத்துவைத்து ஒவ்வொன்றாகப் போட்டேன். மேல்வெளி போகாது. ஆகையால் கூடாரமும் கயிறும் வேண்டாம். குடிலோடு நின்றுகொள்வோம். அங்கே விறகு அடுப்பு இருக்கிறது, ஆகையால் அடுப்பும் எரிவாயுவும் வேண்டாம். இரண்டு ராத்திரி. ஆளுக்கு ஒரு தூங்கும் பை, மாற்றுக் கம்பளிச் சட்டை ஒன்று. சாப்பாடு, தேயிலை, நொயலீன் செய்கிற பழ கேக் பாதி. முழு கேக் ஒன்றரை கிலோ, பார்த்தேன்.

துப்பாக்கி மூன்று கிலோ அறுநூறு. அதற்கும் இடம் இருந்தது. வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். ஒரு மானைச் சுட்டால் ஐம்பது கிலோ இறைச்சி. யார் தூக்குவது? தூக்க ஆளில்லாமல் சுட்டு, தொடையை மட்டும் வெட்டிக்கொண்டு மீதியை ஈக்கு விட்டுப் போகிறவர்களை நாம் என்ன பேர் சொல்லித் திட்டினோம் என்பது உனக்கு நினைவிருக்கும். துப்பாக்கி வேண்டாம். இந்த வரியை எழுத எனக்குக் காலையிலிருந்து மத்தியானம்வரை ஆயிற்று. எழுத்து தெரியாததால் இல்லை.

மான் கத்துவதைக் கேட்டுக்கொண்டு உட்காருவோம். நீ மான் குரலில் திரும்பக் கத்து. உன்னைப் போலக் கத்த இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது, அதற்கு முட்டி தேவையில்லை. பெரிய கலைமான் ஒன்று சண்டைக்கு இறங்கி வந்து, சண்டை போட யாருமில்லாமல் இரண்டு கிழவர்களைப் பார்த்து முழிக்கட்டும்.

நாலு மணி நேர வழி. பத்து மணி நேரம் ஆகட்டும். பாலத்தடியில் உன் கையால் என் பையைத் தொடக் கூடாது. எடுப்பதாக இருந்தாலும் வைப்பதாக இருந்தாலும் என்னைக் கேட்க வேண்டும். நானும் உன் பையைத் தொடமாட்டேன்.

ஏப்ரல் 12, சனிக்கிழமை. வரமாட்டேன் என்றால் காரணத்தோடு எழுது. காரணமில்லாத கடிதம் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன், முகவரியெல்லாம் இப்போது நானே எழுதுவேன்.

கோபத்தோடு,
க்ளாரி


திமாரு,
ஏப்ரல் 3, 2014

க்ளாரி,

ஃபியோனா கத்தினாள். டாக்டரிடம் சொல்வேன் என்றாள். பிறகு அவளே என் பையைத் தராசில் போட்டாள். "இது எட்டு இல்லைப்பா, எட்டே முக்கால். எதையாவது எடு" என்றாள்.

தரையில் எல்லாவற்றையும் பரப்பி உட்கார்ந்தேன். தூங்கும் பையை விட முடியாது. மருந்து டப்பா இருக்கிறது, முட்டிக்கு ஒரு கட்டு இருக்கிறது. மாவு, உருளைக்கிழங்கு, வெங்காயம், பன்றி இறைச்சி எல்லாம் உன் பட்டியல்படி என் பங்கு. வாணலிதான் அதிகம். குடிலில் கிடந்த வாணலியைப் போன வருஷம் யாரோ ஓட்டை போட்டுவிட்டார்கள் என்று கேள்வி, அதனால் விட்டுவிட்டும் வர முடியாது.

முன்பென்றால் என்ன செய்திருப்பேன் என்று உனக்கே தெரியும். யாரிடமும் சொல்லாமல் உள்ளே வைத்துக்கொண்டு நடந்திருப்பேன். இப்போது என்னால் ஆகாது. அதனால் கேட்கிறேன். எனக்கு இப்படிக் கேட்டுப் பழக்கம் இல்லை, நாலு காகிதம் வீணாகிவிட்டது.

க்ளாரி, வாணலியை நீ தூக்குவாயா?

டூகல்


ராஸ்,
ஏப்ரல் 7, 2014

டூகல்,

தூக்குகிறேன்.

என் பை இப்போது ஆறு கிலோவில் நிற்கிறது. இரண்டு கிலோவுக்கு இடம் இருக்கிறது. உன்னிடம் இரண்டு வாணலி உண்டு, எது என்று எழுதவில்லை. அலுமினியத்தை எடுத்துக்கொண்டு வந்து நிற்காதே.

வார்ப்பிரும்பைக் கொண்டு வா.

க்ளாரி